இணைய அலமாரி: பதிவேடாக வேண்டாம், கைமாற்றாகட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாணவர்களிடம் வாசிப்பு குறைகிறது என்ற பேச்சு எழும்போதெல்லாம், அதற்கு மருந்தாக ஒரு செயலியோ இணையதளமோ இப்போது முன்வைக்கப்படுகிறது. படித்த புத்தகத்தைப் பதிவது, நண்பரின் அலமாரியைப் பார்ப்பது, மின்னூலை இரவல் வாங்குவது என்று பல வேலைகளைச் செய்யும் தளங்கள் வந்துவிட்டன. அவற்றால் பயன் உண்டு என்பதில் பள்ளி நூலகப் பணியில் இருக்கும் எங்களுக்கு ஐயமில்லை. ஆனால் முதல் மாதம் உற்சாகமாகத் தொடங்கும் இந்த ஏற்பாடு, மூன்றாம் மாதத்தில் யாரும் எட்டிப் பார்க்காத இடமாகிவிடுவது வழக்கமாக இருக்கிறது. மாணவர் படித்தாரா இல்லையா என்று சரிபார்க்கும் பதிவேடாக அதை மாற்றிவிடுவதே முதல் காரணம். ஒரு மாணவர் எழுதிய இரண்டு வரியைப் பார்த்து இன்னொரு மாணவர் அந்தப் புத்தகத்தைத் தேடிப் போக வேண்டும். அது நடந்தால் கருவி வேலை செய்கிறது. நடக்காவிட்டால், எத்தனை ஆயிரம் பதிவுகள் குவிந்தாலும் வேலை செய்யவில்லை. இந்த ஓர் அளவுகோலை வைத்துக்கொண்டு, எதை எப்படி அமைக்கலாம் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறோம்.

இணையப் புத்தகப் பகிர்வு என்ற ஒரே பெயரில் மூன்று வேறு வேலைகள் அடங்கியிருக்கின்றன. படித்ததைப் பதிந்து கருத்துச் சொல்லும் தளங்கள் ஒரு வகை. 2005-இல் தொடங்கிய லைப்ரரிதிங், 2007-இல் வந்த குட்ரீட்ஸ், பின்னால் வந்த ஸ்டோரிகிராஃப் ஆகியவை இதில் சேரும். இங்கே புத்தகம் கிடைக்காது, புத்தகத்தைப் பற்றிய பேச்சு கிடைக்கும். அச்சுப் புத்தகத்தையே கைமாற்றிவிட்டு, அது போகும் பாதையை மட்டும் இணையத்தில் பின்தொடர்வது இன்னொரு வகை. 2001-இல் தொடங்கிய புக்கிராசிங் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஒவ்வொரு பிரதிக்கும் ஒரு தனி எண் கொடுத்து, அதை உள்ளட்டையில் ஒட்டிவிடுவார்கள். புத்தகம் யார் கையில் கிடைத்தாலும், அந்த எண்ணைத் தளத்தில் இட்டுத் தன் கருத்தைச் சேர்க்கலாம். மூன்றாவது வகையில் நூலின் உள்ளடக்கமே திரையில் படிக்கக் கிடைக்கிறது. 1971-இல் பிறந்த குட்டன்பர்க் திட்டம், 1998 முதல் தமிழ் இலக்கியங்களை மின்னாக்கம் செய்துவரும் மதுரைத் திட்டம், இன்டர்நெட் ஆர்க்கைவ் நடத்தும் ஓப்பன் லைப்ரரி, பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய குழந்தைக் கதைத் தளமான ஸ்டோரிவீவர் ஆகியவை இந்த வகை.

எதைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்பதற்கு முன், தங்கள் மாணவர்களுக்கு இருக்கும் குறை எது என்று ஆசிரியர் கேட்டுக்கொள்ள வேண்டும். படிக்கப் புத்தகமே இல்லையென்றால் மூன்றாம் வகை உதவும். புத்தகங்கள் இருந்தும் பீரோவில் பூட்டிக் கிடக்கின்றன என்றால் இரண்டாம் வகையின் வழிமுறை தேவை. புத்தகம் இருக்கிறது, எடுக்கவும் முடிகிறது, ஆனால் எதை எடுப்பது என்று மாணவருக்குத் தெரியவில்லை என்றால்தான் முதல் வகை. புத்தகமே எட்டாத இடத்தில் மதிப்புரைத் தளத்தைத் திறந்துவைப்பது, ஊருக்குப் பேருந்து விடாமல் கால அட்டவணை மட்டும் ஒட்டுவதைப் போன்றது. பள்ளிகளில் நாங்கள் மிக அதிகமாகக் காணும் தவறு இதுதான்.

பொதுத்தளங்களில் மாணவர்களைச் சேர்ப்பதற்கு முன் வயதைப் பார்க்க வேண்டும். குட்ரீட்ஸ் போன்ற தளங்கள் 13 வயதுக்குக் குறைந்தவர்களைச் சேர்ப்பதில்லை. பிறந்த ஆண்டை மாற்றிப் போட்டுச் சேர்ந்துகொள்ளச் சொல்லும் ஆசிரியர், வாசிப்போடு பொய்யையும் சேர்த்துக் கற்றுக்கொடுக்கிறார். வகுப்பு முழுவதற்கும் ஒரே கணக்கு, ஒரே கடவுச்சொல் என்ற வழியும் சரிப்படாது. யார் எழுதியது என்பது தெரியாது. ஒருவர் கடவுச்சொல்லை மாற்றினால் மற்றவர் எல்லாரும் வெளியே நிற்க வேண்டியதுதான். அதோடு, முன்பின் தெரியாத பெரியவர்கள் குழந்தைக்கு நேரடியாகச் செய்தி அனுப்பும் வசதி இத்தகைய தளங்கள் சிலவற்றில் இருக்கக்கூடும். பத்தாம் வகுப்புக்கு மேல் உள்ள மாணவர்கள், பெற்றோருக்குத் தெரிவித்துவிட்டு, தனிப்பட்டதாக அமைத்த கணக்கில் பொதுத்தளங்களைப் பயன்படுத்தலாம். அதற்குக் கீழே உள்ளவர்களுக்கு, வகுப்புக்குள்ளேயே பார்க்கக்கூடிய ஒரு பட்டியலே போதும் என்பது எங்கள் உறுதியான கருத்து. அதை அமைக்கப் பணமும் வேண்டாம், தனிச் செயலியும் வேண்டாம்.

ஓர் இணையப் படிவமும் அது நிரப்பும் ஒரு விரிதாளும் (எக்செல் போன்ற அட்டவணை) இருந்தால் போதும். மாணவர்கள் படிவத்தில் எழுதுவார்கள், எழுதியவை விரிதாளில் வரிசையாகச் சேரும். விரிதாளை எல்லாரும் பார்க்கலாம், யாரும் திருத்த முடியாது என்றபடி அனுமதி கொடுக்க வேண்டும். திருத்தும் அனுமதியை எல்லாருக்கும் கொடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்லிவிடுகிறோம். யாரோ ஒருவர் தலைப்பு இருக்கும் நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து அகரவரிசைப்படுத்துவார். தலைப்புகள் இடம் மாறும், கருத்துகள் பழைய இடத்திலேயே நிற்கும். ஒரு புத்தகத்தைப் பற்றி எழுதியது இன்னொரு புத்தகத்துக்கு நேரே வந்து உட்கார்ந்துவிடும். உடனே கண்டுபிடித்தால் பழைய பதிப்பை மீட்டுவிடலாம். ஒரு வாரம் கழித்துத் தெரியவந்தால், இடையில் எழுதியவற்றை ஒவ்வொன்றாகக் கைப்பட எடுத்துச் சேர்க்க வேண்டும்.

படிவத்தில் ஆறு கேள்விகளுக்கு மேல் வேண்டாம். புத்தகத்தின் பெயர், எழுதுபவரின் அடையாளம், எந்தப் பக்கம் வரை படித்தார், அந்தப் புத்தகத்தைப் பற்றி இரண்டு வரி, இதை யாருக்குக் கொடுக்கலாம், யாருடைய பதிவைப் பார்த்து இதை எடுத்தார். அவ்வளவுதான். இதை நிரப்ப மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகக் கூடாது. ஆசிரியர் ஒருவர் தானே நேரம் பார்த்து நிரப்பிப் பார்த்துவிட்டுப் பிறகு மாணவர்களுக்குக் கொடுப்பது நல்லது. கதைச்சுருக்கம், ஆசிரியர் வரலாறு, கற்றுக்கொண்ட நீதி, புதிய சொற்கள் பத்து என்று கேள்விகளை அடுக்கினால், புத்தகத்தை முடிக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு தண்டனை காத்திருக்கிறது என்று மாணவருக்குத் தோன்றும். முடிக்காமல் இருப்பதே அவருக்கு லாபம் ஆகிவிடும்.

அந்த இரண்டு வரியில் என்ன எழுதுவது என்பதில்தான் பெரும்பாலானவர்கள் தடுமாறுகிறார்கள். "இந்த நூல் மிகவும் நன்றாக இருந்தது, அனைவரும் படிக்க வேண்டும்" என்று முப்பது பேரும் எழுதினால், அதைப் பார்த்து யாரும் எதையும் எடுக்க மாட்டார்கள். கேள்வியை மாற்றினால் விடை மாறும். "எந்தப் பக்கத்தில் சற்று நிறுத்தினாய், ஏன்?" என்று கேளுங்கள். "41-ஆம் பக்கத்தில் நாய் காணாமல் போகிறது, அதற்கு மேல் மூட முடியவில்லை" என்று ஒரு குழந்தை எழுதினால், அந்த நாய் கிடைத்ததா என்று தெரிந்துகொள்ள இன்னொரு குழந்தை அந்தப் புத்தகத்தைத் தேடும். "இதை யாருக்குக் கொடுக்கலாம்?" என்ற கேள்வியும் அப்படித்தான். நல்ல புத்தகமா கெட்ட புத்தகமா என்ற தீர்ப்பைவிட, "இருட்டுக்குப் பயப்படுகிறவர்களுக்கு", "அண்ணனோடு சண்டை போடுகிறவர்களுக்கு", "கணக்கு பிடித்தவர்களுக்கு" என்ற விடைகள் புத்தகத்தை ஒரு குறிப்பிட்ட கைக்கு அனுப்புகின்றன. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் என்று நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் வகுத்துச் சொன்னதை ஒரு குழந்தை தன் மொழியில் செய்யும் இடம் இந்த ஒற்றைக் கேள்வி. இதற்காகவே, ஐந்து நட்சத்திர மதிப்பீட்டை மாணவர் படிவத்தில் வைக்க வேண்டாம் என்கிறோம். நட்சத்திரம் இட்டவுடன் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டோம் என்ற நிறைவு வந்துவிடுகிறது. சொல் வராமல் போகிறது.

பக்க எண் கேட்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பாதியில் விட்ட புத்தகத்தையும் பதிய முடிய வேண்டும். பொதுத்தளங்களில் சிலவற்றில் இதற்கென ஓர் அலமாரி தொடக்கத்திலேயே இருக்கிறது, சிலவற்றில் நாமே உருவாக்கிக்கொள்ளலாம். "60-ஆம் பக்கத்தில் விட்டுவிட்டேன், பெயர்கள் குழப்பின" என்ற பதிவு மிகவும் பயனுள்ளது. அந்த நூலின் முதல் பக்கத்தில் பாத்திரப் பெயர்களை ஒரு துண்டுத்தாளில் எழுதிச் செருகிவைக்கலாம் என்று நூலகருக்கு அது சொல்கிறது. விட்டதைச் சொல்ல அனுமதி இல்லாத இடத்தில், படிக்காததைப் படித்ததாகச் சொல்லும் பழக்கம் வரும்.

புத்தகத்தின் பெயரை மாணவரே தட்டச்சு செய்யும்படி விடக் கூடாது. தமிழில் இதன் தொல்லை அதிகம் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறோம். ஒரே தலைப்பை ஒருவர் சேர்த்து எழுதுவார், ஒருவர் பிரித்து எழுதுவார். வல்லினம் மிகுமா மிகாதா என்பதில் ஒரு வேறுபாடு வரும். ஆசிரியரின் முதலெழுத்துக்குப் பின் புள்ளி வைப்பவர் உண்டு, வைக்காதவர் உண்டு, புள்ளிக்குப் பின் இடைவெளி விடுபவர் உண்டு. ஒருவர் ரோமன் எழுத்தில் அடிப்பார். கணினிக்கு இவை ஐந்தும் ஐந்து புத்தகங்கள். கண்ணுக்கே தெரியாத பிழைகள் இன்னும் உண்டு. 'ஔ' என்ற ஓரெழுத்துக்குப் பதிலாக ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து அடிப்பது, துணைக்காலுக்குப் பதில் ரகரத்தை அடிப்பது, 'ஸ்ரீ'யை இரண்டு வேறு குறியீட்டு வரிசைகளில் அடிப்பது என இவையெல்லாம் திரையில் ஒன்றுபோலவே தெரியும். தேடினால் அகப்படாது. ஒகர உயிர்மெய்யின் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் சேமிக்கலாம். நல்ல தேடுபொறிகள் இரண்டையும் ஒன்றாகக் கொள்ளும், எளிய விரிதாள் வடிகட்டி சில நேரம் கொள்ளாது. எனவே தலைப்புகளை ஒருவர் மட்டும், ஒரே விசைப்பலகையில் ஒருமுறை அடித்துவைத்து, படிவத்தில் கீழிறங்கு பட்டியலாகக் கொடுப்பதே வழி. பட்டியலில் இல்லாத நூலுக்கு "மற்றவை" என்று ஓர் இடம் விட்டு, வாரம் ஒருமுறை அவற்றைச் சரிபார்த்துப் பட்டியலில் ஏற்றலாம்.

நூல்களின் பின்னட்டையில் அச்சாகும் ஐஎஸ்பிஎன் என்ற பன்னாட்டு அடையாள எண்ணை வைத்துத் தேடினால் இந்தச் சிக்கல் இராது என்று சிலர் சொல்வார்கள். புதிய நூல்களுக்கு அது உண்மை. கைபேசியின் கேமராவைப் பட்டைக்குறிமீது காட்டினால் லைப்ரரிதிங் போன்ற தளங்கள் நூல் விவரங்களை எடுத்து வந்துவிடும். ஆனால் தமிழில் பழைய பதிப்புகள் பலவற்றிலும் சிறு பதிப்பகங்களின் வெளியீடுகள் சிலவற்றிலும் எண்ணே இருக்காது. 2007-க்கு முந்தைய நூலில் பத்து இலக்க எண் இருக்கும், அதன் பிறகு வந்தவற்றில் 13 இலக்கம். கையால் அடிக்கும்போது தவறு நேர்ந்தால் கண்டுபிடிக்க ஒரு கணக்கு இருக்கிறது. 13 இலக்கங்களையும் வரிசையாக 1, 3, 1, 3 என்று மாற்றி மாற்றிப் பெருக்கிக் கூட்டினால், கூட்டுத்தொகை பத்தால் மீதியின்றி வகுபட வேண்டும். ஓர் இலக்கம் தவறினாலும் வகுபடாது. பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் பெரும்பாலும் அகப்பட்டுவிடும். அவற்றின் வேறுபாடு சரியாக ஐந்தாக இருந்தால் மட்டும் தப்பிவிடும். ஆறாம் வகுப்பு மாணவர் இருவரிடம் இந்தச் சோதனையை ஒப்படைத்தால் ஆர்வமாகச் செய்வார்கள். எண் இல்லாத நூல்களுக்கு நாமே 001, 002 என்று கொடுத்துக்கொள்ளலாம். ஒரே நூலின் இரண்டு பிரதிகளுக்கு இரண்டு எண்கள் கொடுக்க வேண்டும். கைமாறுவது பிரதிதான் என்பதால், எது யாரிடம் இருக்கிறது என்பதை அப்போதுதான் சொல்ல முடியும்.

அந்த எண்ணோடு ஒரு கியூஆர் குறியையும் ஒட்டலாம். புத்தகப் பெயர் ஏற்கெனவே நிரம்பிய நிலையில் படிவத்தைத் திறக்கும் இணைப்பை உருவாக்கும் வசதி கூகுள் படிவங்களில் இருக்கிறது. ஒவ்வொரு நூலுக்கும் அப்படி ஓர் இணைப்பு எடுத்து, அதைக் குறியாக்கி உள்ளட்டையில் ஒட்டிவிட்டால், புத்தகத்தை முடித்தவுடன் காட்டி எழுதிவிடலாம். குறியின் பக்கம் இரண்டு சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. இணைப்பு நீளமாக இருந்தால் குறியின் புள்ளிகள் நெருக்கமாகி, பழைய கைபேசிகள் படிக்கத் திணறும், அப்போது அளவைக் கூட்டுங்கள். வெளியட்டையில் ஒட்டினால் தேய்ந்துபோகும். பளபளப்பான ஒட்டுநாடாவை மேலே போட்டால் விளக்கொளி பட்டுக் கேமரா தடுமாறும். குறி சிதைந்தாலும் படிக்க உதவும் பிழைதிருத்த அளவை எச் என்ற உச்ச நிலையில் வைத்தால், ஏறத்தாழ 30 விழுக்காடு சேதமடைந்தாலும் படிக்க முடியும், ஆனால் புள்ளிகள் கூடும். நடுத்தர நிலையே பெரும்பாலும் போதும். இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். இலவசமாகக் குறி உருவாக்கித் தரும் தளங்களில் சில, தங்கள் முகவரி வழியாகச் சுற்றிப் போகும் குறியைத் தரும். சில வாரங்களில் அது செயலிழந்து, சந்தா கட்டினால்தான் திறக்கும் என்று நிற்கும். இருநூறு புத்தகங்களில் ஒட்டிய பிறகு இப்படி நேர்ந்தால் எல்லாவற்றையும் கிழித்து ஒட்ட வேண்டியிருக்கும். ஒரு குறியை முதலில் உருவாக்கி, படித்துப் பார்த்து, நம் படிவத்தின் முகவரிதான் அதில் நேரடியாக இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு மற்றவற்றை அச்சிடுங்கள்.

வகுப்புக்கு ஒரே ஒரு கருவி இருந்தாலும் இவை எல்லாம் நடக்கும். மாணவர்கள் சிறு தாளில் எழுதிப் பெட்டியில் போடுவார்கள், வாரம் ஒருமுறை இருவர் அவற்றை ஏற்றுவார்கள். அந்த இருவரும் மாதாமாதம் மாற வேண்டும். பிறர் எழுதியதை எல்லாம் படித்து ஏற்றும் மாணவரே அந்த மாதத்தில் அதிகம் படிப்பவராக மாறுவதை எதிர்பார்க்கலாம், எத்தனை புத்தகங்களின் பேச்சு அவர் கண்ணில் படுகிறது பாருங்கள்.

பரிசு, புள்ளி, தரவரிசை ஆகியவற்றைப் பற்றி எங்கள் கருத்து கடுமையானது. அவை வேண்டாம். அதிகப் புத்தகம் படித்தவர் யார் என்ற பட்டியலைப் போட்டால், மெல்லிய புத்தகங்கள் முதலில் காணாமல் போகும். பக்கக் கணக்குக்கு மாற்றினால், பெரிய எழுத்தில் அச்சிட்ட நூல்களைத் தேடுவார்கள். பொய்ப் பதிவுகள் வரும், அவற்றைப் பிடிக்கத் தேர்வு வைக்க வேண்டிவரும், வாசிப்பு இன்னொரு பாடமாகிவிடும். 1973-இல் வெளியான ஓர் ஆய்வு இங்கே நினைவுகூரத்தக்கது. லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற உளவியலாளர்கள், வண்ணப் பேனாவால் வரைவதில் ஏற்கெனவே விருப்பமுள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகளை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். வரைந்தால் சான்றிதழ் கிடைக்கும் என்று ஒரு குழுவுக்கு முன்பே சொன்னார்கள். இரண்டாம் குழுவுக்குச் சொல்லாமல் கொடுத்தார்கள். மூன்றாம் குழுவுக்கு ஒன்றும் இல்லை. சில நாள்கள் கழித்து, யாரும் கேட்காமலே தாமாக வரைய எவ்வளவு நேரம் செலவிடுகிறார்கள் என்று பார்த்தபோது, முன்பே பரிசு சொல்லப்பட்ட குழந்தைகள் மற்றவர்களைப் போலப் பாதி நேரம்தான் வரைந்தார்கள். விருப்பமாகச் செய்த ஒன்று, கூலிக்குச் செய்யும் வேலையாகிவிட்டது. ஏற்கெனவே படிக்க விரும்பும் பிள்ளைகள்தாம் இதில் அதிகம் இழப்பவர்கள். அவர்களைத்தான் நாம் முதலில் காப்பாற்ற வேண்டும். பொதுத்தளங்களில் உள்ள ஆண்டு இலக்கு வசதியையும் மாணவர்களுக்கு அணைத்து வைப்பது நல்லது. ஆண்டுக்கு ஐம்பது என்று குறித்துவிட்டு, நான்காம் மாதத்தில் பின்தங்கிவிட்டோம் என்று தெரிந்தவுடன் கைவிடும் பிள்ளைகளுக்கு அது நன்மை செய்வதில்லை.

நல்ல பதிவு ஒன்று வந்தால் உடனே ஒரு தட்டுப்பாடு வரும். இதற்கு முன்பே ஆயத்தமாக இருக்க வேண்டும். ஒரே பிரதி, அதை ஒருவர் இப்போதுதான் எடுத்துப் போயிருக்கிறார், இரவல் காலம் 14 நாள், காத்திருப்பவர் ஐந்து பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் நிற்கும் குழந்தையின் கைக்கு அது வர 70 நாள் ஆகும். அதற்குள் ஆசை ஆறிப்போகும். இரவல் காலத்தை ஏழு நாளாக்கினால் 35 நாள். இன்னும் ஒரு பிரதி சேர்ந்தால் அதிலும் ஏறத்தாழப் பாதிதான். எனவே 30 பேர் உள்ள வகுப்புக்கு 60 வெவ்வேறு தலைப்புகள் வாங்குவதைவிட, 40 தலைப்புகளை வாங்கி, மீதிப் பணத்தை மாணவர்கள் எழுதி எழுதித் தேடும் நூல்களின் இரண்டாம், மூன்றாம் பிரதிகளுக்கு ஒதுக்குவது அறிவான செலவு. மாதத்துக்கு ஒருமுறை பதிவுகளைப் பார்த்தே எவற்றுக்குக் கூடுதல் பிரதி வேண்டும் என்று முடிவு செய்யலாம். ஒருவரும் தொடாத நூல்களின் பட்டியலும் அதே விரிதாளில் கிடைக்கும். அவற்றை ஒதுக்கிவிடுவதற்கு முன், முகப்பு தெரியும்படி மேசைமீது நிறுத்திவைத்துப் பாருங்கள்.

பிரதி போதவில்லை என்றதும் பலரும் செய்வது, யாரோ வருடிய (ஸ்கேன் செய்த) பிடிஎஃப் கோப்பை வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவது. நல்ல எண்ணத்தில் செய்தாலும் இது எழுத்தாளருக்கும் பதிப்பாளருக்கும் செய்யும் அநீதி, காப்புரிமை மீறலும்கூட. வாசகரை வளர்க்கிறோம் என்று சொல்லிக்கொண்டு எழுதுகிறவரின் வயிற்றில் அடிக்க முடியாது. முறையான வழிகள் இருக்கின்றன. ஸ்டோரிவீவரில் உள்ள கதைகள் பெரும்பாலும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வருவதால், உருவாக்கியவர் பெயரைக் குறிப்பிட்டுவிட்டு நகலெடுக்கலாம், அச்சிடலாம், மொழிபெயர்க்கவும் செய்யலாம். அங்கே கதைகள் நான்கு நிலைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. அந்த நிலை எண் நூலைத் தேர்ந்தெடுக்க உதவும் குறிப்பாக இருக்கட்டும். "நீ இன்னும் இரண்டாம் நிலைதான்" என்று பிள்ளையின்மீது ஒட்டும் சீட்டாகிவிடக் கூடாது. பழைய நூல்களில் காப்புரிமைக் காலம் முடிந்தவை பொதுவுடைமையாகிவிடும். ஆசிரியர் மறைந்து குறைந்தது 50 ஆண்டு என்பது பன்னாட்டு உடன்படிக்கையின் அடிப்படை, பல நாடுகளில் 60 அல்லது 70. மூல ஆசிரியரின் உரிமை முடிந்திருந்தாலும், அண்மையில் எழுதப்பட்ட உரைக்கோ மொழிபெயர்ப்புக்கோ தனி உரிமை உண்டு என்பதை மறக்க வேண்டாம். அச்சு நூல்களை வருடி இரவல் கொடுக்கும் முறையும் எல்லாருக்கும் உடன்பாடானதல்ல. ஓப்பன் லைப்ரரி செய்துவந்ததை எதிர்த்துப் பதிப்பகங்கள் 2020-இல் தொடுத்த வழக்கில், 2023-லும் 2024-இல் மேல்முறையீட்டிலும் தீர்ப்பு பதிப்பகங்களுக்குச் சாதகமாகவே வந்தது. நேற்று அங்கே இருந்த நூல் நாளை இல்லாமல் போகலாம், அதை நம்பிப் பாடத்திட்டம் வகுக்க வேண்டாம். எதைப் பகிர்ந்தாலும் கோப்பைப் பகிராமல், அது இருக்கும் பக்கத்தின் இணைப்பைப் பகிர்வதே நல்ல பழக்கம். உரிமை மாறினால் தானே மறையும், பிழை திருத்தப்பட்டால் திருத்திய வடிவம் கிடைக்கும், மாணவரின் கைபேசியிலும் இடம் மிஞ்சும்.

தளங்கள் நிலையானவை அல்ல. ஷெல்ஃபாரி என்ற புத்தக அலமாரித் தளத்தை 2008-இல் அமேசான் வாங்கியது, 2016-இல் மூடியது. மாணவர்கள் காணொளியில் புத்தகம் பற்றிப் பேசப் பல ஆசிரியர்கள் பயன்படுத்திய ஃபிலிப்கிரிட், பின்னர் ஃபிலிப் என்று பெயர் மாறி, 2024-இல் தனித்தளமாக இயங்குவதை நிறுத்திக்கொண்டது. எனவே மாதம் ஒருமுறை பதிவுகளை இறக்கிச் சேமித்துக்கொள்ள வேண்டும். குட்ரீட்ஸிலும் லைப்ரரிதிங்கிலும் இதற்கு வசதி உண்டு. இறக்கிய சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த அட்டவணைக் கோப்பு) எக்செலில் நேராகச் சொடுக்கித் திறந்தால் தமிழ் எழுத்துகள் சிதைந்து கேள்விக்குறியும் கட்டமுமாகத் தெரியக்கூடும். தரவு அழிந்துவிட்டது என்று பதறி, அப்படியே சேமித்துவிடுபவர்கள் உண்டு. அப்போதுதான் அது உண்மையில் அழிகிறது. சேமிக்காமல் மூடிவிட்டு, தரவை இறக்குமதி செய்யும் வழியாகத் திறந்து, குறியாக்கமாக யூடிஎஃப்-8 என்பதைத் தேர்ந்தெடுத்தால் தமிழ் சரியாக வந்துவிடும். அப்போதே ஐஎஸ்பிஎன் நெடுவரிசையை எண் என்று விடாமல் உரை என்று குறிக்க வேண்டும். இல்லாவிட்டால் 13 இலக்க எண் 9.78E+12 என்று சுருங்கிவிடும், பத்து இலக்க எண்ணின் முன்னால் உள்ள பூச்சியம் உதிர்ந்துவிடும்.

மாணவரின் முழுப்பெயர், புகைப்படம், பள்ளியின் பெயர் ஆகிய மூன்றும் பட்டியலில் இருக்கத் தேவையில்லை. அவர்களே தேர்ந்தெடுத்த ஒரு புனைபெயர் போதும். யார் எந்தப் பெயரில் எழுதுகிறார் என்பதை ஆசிரியர் தனியே குறித்துவைத்துக்கொள்ளலாம். பெரிய வகுப்புப் பிள்ளை படக்கதை படித்தால் கேலி செய்யும் பதிவுகள் வரும். அவற்றை முதல் நாளே நீக்கி, நீக்கியதற்கான காரணத்தை எழுதியவரிடம் தனியாகச் சொல்ல வேண்டும். எழுத்துப்பிழையைப் பொதுவில் திருத்தவே கூடாது. பிழையோடு எழுதிய இரண்டு வரி இன்னொருவரைப் படிக்க வைத்தால் அது தன் வேலையைச் செய்துவிட்டது. ஆசிரியரும் மாணவரைப் போலவே அதே படிவத்தில் எழுத வேண்டும், தான் பாதியில் விட்டதையும் சேர்த்து. பெரியவர்கள் எழுதாத பலகையில் பிள்ளைகளும் நெடுநாள் எழுத மாட்டார்கள்.

வாரத்தில் இரண்டு முறை 15 நிமிடம் வாசிப்புக்கென ஒதுக்கினால், அதில் எழுதுவதற்கு ஒரு நாளில் மூன்று நிமிடம். மீதி முழுவதும் படிக்கத்தான். திரையைப் பார்க்கும் நேரம் அச்சுப் பக்கத்தைப் பார்க்கும் நேரத்தை விழுங்கினால், அந்த வாரம் எழுதுவதையே நிறுத்திவிடலாம்.

மாத முடிவில் நிர்வாகத்துக்கு அறிக்கை கொடுக்க வேண்டியிருக்கும். மொத்தப் பதிவுகள் இத்தனை என்று கொடுக்காமல், "யாருடைய பதிவைப் பார்த்து எடுத்தாய்" என்ற நெடுவரிசையில் ஒரு பெயர் நிரம்பிய வரிகள் எத்தனை என்று எண்ணிக் கொடுங்கள். முதல் மாதத்தில் அது இரண்டோ மூன்றோதான் இருக்கும். அந்த இரண்டு மூன்று வரிகளையும் பெரிய எழுத்தில் அச்சிட்டு, அந்தந்தப் புத்தகத்தோடு வகுப்பில் காட்சிக்கு வையுங்கள். மூன்று மாதத்துக்குப் பிறகும் அந்த எண் ஏறவில்லை என்றால், வேறு செயலிக்குத் தாவ வேண்டாம். கேள்விகளைக் குறைத்துப் பாருங்கள், பிரதிகளைக் கூட்டிப் பாருங்கள், பீரோவின் சாவி யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள்.

தங்கள் நாளிதழிடமும் எங்களுக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. வாரத்தில் ஒரு நாள், நான்கு சென்டிமீட்டர் இடம் போதும். மாணவர்கள் அனுப்பும் இரண்டு வரிகளை, எந்தப் பக்கத்தில் நின்றார்கள், யாருக்குக் கொடுப்பார்கள் என்ற விடைகளோடு, புனைபெயரில், திருத்தாமல் வெளியிடுங்கள். படிவத்தின் மாதிரியையும் அதனோடு ஒருமுறை அச்சிட்டால், எந்தப் பள்ளியும் அதை மறுநாளே பயன்படுத்தத் தொடங்கலாம்.

இப்படிக்கு,
பள்ளி நூலகப் பணியில் இருக்கும் வாசகர்கள்